சுடாத துப்பாக்கி யார் குற்றம்?

உசிலம்பட்டியில் துப்பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பெருங்காமநல்லூரில்தான் போய் நிற்கும். 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்ற மக்கள்மீது திருப்பப்பட்ட துப்பாக்கிகள் பழுதின்றியே வேலை செய்தன. பழுதுபட்ட துப்பாக்கிகளின் வரலாற்றையோ நாம் அதிகம் எழுதியதில்லை. அதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதுமில்லை. திருச்சி வரை போனால் போதும்.

1966இல் நிறுவப்பட்ட திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவான ஆயுதங்களுள் இன்சாஸ் குறிப்பிடத்தக்கது. 5.56 மி.மீ. விட்டமுள்ள இத்துப்பாக்கியைப் புனேயிலுள்ள ஆய்வகம் வடிவமைத்தது. இஷாப்பூர், கான்பூர் ஆலைகளும் இதைத் தயாரித்தன. 1999இல் கார்கில் மலைமுகடுகளில்தான் அதற்கு முதல் பெருஞ்சோதனை நேர்ந்தது. தோட்டாக்களை ஏந்தும் பிளாஸ்டிக் மேகசின் கடுங்குளிரில் விரிசல் கண்டது. சுடும்போது தோட்டா சிக்கிக்கொள்கிறது, எண்ணெய் கண்ணில் தெறிக்கிறது என்றும் புகார்கள் எழுந்தன. பின்வந்த வடிவங்களில் சில குறைகள் திருத்தப்பட்டன.

வீட்டில் மிக்சி பழுதானால் உத்தரவாத அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போகிறோம். சிப்பாய்க்கு அப்படியோர் அட்டை கிடையாது. அவர் அதை வாங்கியவரும் அல்லர். இன்சாஸைப் பொறுத்தவரை வடிவமைத்தது அரசு, செய்தது அரசு, வாங்கியதும் அரசு. குறையைச் சொல்பவரும் கேட்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வழக்கு எங்ஙனம் நடக்கும்?

வாங்கியவர் வேறு நாடாக இருந்தபோதுதான் வழக்கு வெளியே வந்தது. 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காளிகோட் மாவட்டம் பீலியில் மாவோயிஸ்டுகள் நடத்திய தாக்குதலில் நாற்பதுக்கும் மேற்பட்ட ராணுவத்தினர் மாண்டனர். நெடுநேரச் சண்டையில் இந்தியா அளித்த இன்சாஸ் சரிவர இயங்கவில்லை என்று நேபாள ராணுவம் குற்றஞ்சாட்டியது. முறையாகக் கையாளாததே காரணம் என்றது இந்தியத் தரப்பு. பயன்படுத்தியவர்மீதே பழியைத் திருப்பும் இவ்விடை எந்த விற்பனையாளருக்கும் புதிதன்று. ஆனால் மிக்சிக்காரர் சொல்லும்போது எதிரே பிணங்கள் கிடப்பதில்லை. அவ்விடையில் ஓரளவு உண்மையும் இருந்திருக்கலாம். துப்பாக்கியைத் துடைப்பதும் எண்ணெயிடுவதும் சிப்பாயின் கடமையே. எனினும் களத்தின் புழுதியையும் வெப்பத்தையும் தாங்குவது துப்பாக்கியின் கடமையன்றோ?

தொழிலாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வடிவமைப்பின் குறையைக் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவரால் தீர்த்துவிட முடியாது.

2015இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படை, நக்சல் பகுதிகளில் இன்சாஸை விலக்கி ஏகே வகையை நாடியது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியமே கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாயிற்று. திருச்சி ஆலை அவற்றுள் ஒன்றின்கீழ் வந்தது. ராணுவம் இன்று அதற்கு ஒரு வாடிக்கையாளர்.