காதலர் தினத்தில் 'சிங்கிளா'? நெய்வேலியில் பிப்ரவரி 14-ஐ கடப்பது எப்படி?

பிப்ரவரி 7-ல் ரோஸ் டே என்று தொடங்கி சாக்லேட், டெடி, ப்ராமிஸ் என ஓடி 14-ல் வந்து நிற்கிறது காதலர் வாரம். ஜோடி இல்லாதவர்களுக்கு அத்தனை நாளும் போனைத் திறந்தாலே எரிச்சல்தான். 'மொரட்டு சிங்கிள்' என்று மீம் போட்டுச் சிரித்தாலும், சிலருக்கு உள்ளுக்குள் வலிக்கவே செய்கிறது.

நெய்வேலியில் என்ன சிக்கல்?

சென்னையில் ஒருவர் தனியாக ஹோட்டலில் சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நெய்வேலி டவுன்ஷிப் அப்படி இல்லை. 1956-ல் தொடங்கப்பட்ட என்எல்சி-யின் ஊழியர்களுக்காகவே உருவான ஊர் அது. எந்த வட்டம், எந்த குவார்ட்டர்ஸ், யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் அக்கம்பக்கத்துக்கு அத்துப்படி. கூடப் படித்தவனுக்கு நிச்சயம் ஆன சேதி சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும். பின்னாலேயே "உனக்கு எப்போப்பா?" என்ற கேள்வியும் வரும். அப்பா ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் பெற்றோருக்கு.

வேலைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. அப்படிக் கேள்வி கேட்கக்கூட ஆள் இருக்காது.

ஏன் வலிக்கிறது?

மனிதர்கள் தங்களை அடுத்தவரோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார்கள் என்று 1954-லேயே விளக்கினார் உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர். அப்போது பக்கத்து வீட்டோடு மட்டும்தான் ஒப்பீடு. இப்போது ஸ்டேட்டஸில் நூறு வீடு தெரிகிறது, அதுவும் நல்ல போட்டோ மட்டும். சண்டை போட்ட ஜோடி அன்றைக்கு ஸ்டேட்டஸ் வைப்பதில்லை!

என்ன செய்யலாம்?

ஒரு வாரத்துக்கு ஸ்டேட்டஸ்களை 'மியூட்' செய்து வைப்பது பெரிய நிம்மதி. பகல் எப்படியும் வேலையில் ஓடிவிடும். ஆறு மணிக்கு மேல்தான் கஷ்டம், அதனால் அந்த நேரத்துக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் வேண்டும். ரொம்ப நாள் பேசாத நண்பனுக்குப் போன் போடலாம், அம்மாவோடு கோயிலுக்குப் போகலாம், பசங்களோடு கிரிக்கெட் ஆடலாம். கடலூர் சில்வர் பீச் மட்டும் அன்று வேண்டாம், ஜோடிகள் அங்கேதான் இருப்பார்கள்.

கல்யாணமான நண்பர் கேட்டால் ஷிஃப்ட் மாற்றிக் கொடுப்பது நல்ல மனசு. ஆனால் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்ப்பது உடம்புக்கு ஆகாது. பழைய காதலிக்கோ காதலனுக்கோ இரவு மெசேஜ் அனுப்புவதும், குடித்து மறக்க நினைப்பதும் மறுநாளையும் சேர்த்துக் கெடுக்கும்.

2020 பிப்ரவரியில், இதே காதலர் வாரத்தின் நடுவில், 'மாஸ்டர்' படப்பிடிப்புக்கு வந்த விஜய்யுடன் செல்ஃபிக்குள் வர நெய்வேலியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்தக் கூட்டத்தில் சிங்கிள் யார், ஜோடி யார் என்று யாரும் பார்க்கவில்லை.

எப்போது உதவி தேவை?

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாத மனநிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது காதலர் தின வருத்தம் மட்டும் அல்ல. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.