ஊர்ப் பொது

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஏறக்குறைய இருநூறு அடி உயர்ந்து நிற்கும் விமானத்தை வேறு எப்படிப் பார்ப்பது? ஆனால் அதே விமானத்தின் காலடியில், கல்லைச் சுற்றிச் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்துக்களைக் குனிந்து பார்க்கிறவர்கள் வெகு சிலர். ராஜராஜன் கொடுத்த பொன்னும் முத்தும் பவழமும் அங்கே கணக்காக இருக்கின்றன. அவற்றோடு, கோயிலுக்கென்று அவன் எழுதி வைத்த ஊர்களின் கணக்கும் இருக்கிறது. பொன்னும் முத்தும் போன இடம் தெரியவில்லை. ஊர்க் கணக்கு மட்டும் கல்லில் நின்றுவிட்டது.

இங்கிலாந்துக் கிராமத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. "எங்கள் ஊர் டூம்ஸ்டே புத்தகத்திலேயே இருக்கிறதாக்கும்" என்று சொல்லிக்கொள்வார்கள். அது நார்மானிய அரசன் வில்லியம் 1086இல் எடுத்த நிலக் கணக்கு. எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை குடி என்று ஊர் ஊராக எழுதிய பெரிய பதிவு. நம் காவேரிக் கரைக்காரர்கள் இந்த விஷயத்தில் யாருக்கும் சளைக்க வேண்டாம். அதற்கு எண்பது வருஷங்களுக்கு மேல் முன்னதாகவே, 1001ஆம் ஆண்டு வாக்கில், ராஜராஜன் தன் ராஜ்யத்தை அளந்தாகிவிட்டது. அளவென்றால் சாமான்ய அளவா? ஒரு வேலி நிலத்தில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் பின்னம் போட்டுக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த அளவு நிலத்தில் ஒரு நெல்மணியைக் கூட வைக்க முடியாது. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

அந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கும் முறை கவனிக்கத் தக்கது. முதலில் ஊரின் மொத்த விஸ்தீரணம். பிறகு அதில் வரி கொடுக்க வேண்டாத இடங்கள். அவற்றைக் கழித்த பின் மிச்சத்துக்கு வரி. இந்தக் கழிவுப் பட்டியலில் ஒரு தமிழ்க் கிராமத்தின் முழுப் படமும் அகப்பட்டுவிடுகிறது. வீடுகள் இருக்கும் நத்தம், கோயில், குளம், ஊரை ஊடுருவி அடுத்த ஊருக்குப் போகும் வாய்க்கால், கம்மாளர்கள் இருக்கும் கம்மாணச்சேரி, கள் இறக்குகிறவர்கள் இருக்கும் ஈழச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடும், குறையும். சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே ஒரு பெயர் வருகிறது. சுடுகாட்டிலும் இரண்டு. ஒன்று வெறும் சுடுகாடு, மற்றொன்று பறைச் சுடுகாடு.

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஊருக்குப் பொதுவானது இன்னது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். குளமும் வாய்க்காலும் தனி மனிதன் சொத்தல்ல, அதற்கு வரி கேட்கக் கூடாது என்கிற நியாயம் அதில் இருக்கிறது. பொதுவுக்குள்ளேயே ஒரு கோடு போட்டு, செத்த பிறகும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்கிற ஏற்பாடும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. தஞ்சை ஜில்லாக் கிராமத்தின் கதை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுகிற கதை.

பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள் என்பது வெறும் புகழ்ச்சியல்ல. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவேரியின் தென்கரையில், அல்லூர் என்றும் ஈசானமங்கலம் என்றும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சோழர் காலத்து ஊர்கள் இருந்தன. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா இவ்விரண்டின் கல்வெட்டுக்களையும் ஒப்பிட்டு 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். ஈசானமங்கலம் பிராமணர்களுக்கு விட்ட பிரமதேயம். அங்கே நிலம் தனித்தனி ஆள் பெயரில் இருந்தது. அவர்கள் ஆள் வைத்துப் பயிரிட்டார்கள். அல்லூரில் 'ஊரார்' சேர்ந்து நிலத்தை வைத்திருந்தார்கள், விற்றாலும் சேர்ந்தே விற்றார்கள், ஏரும் தாங்களே பிடித்தார்கள் என்று அவருக்குத் தோன்றிற்று. ஒரே ஆற்றுத் தண்ணீர், ஒரே நெல், அடுத்தடுத்த ஊர். நிலத்தோடு மனிதனுக்கிருந்த உறவு மட்டும் வேறு.

இந்தக் கூட்டு வாழ்வு சோழர்களோடு போய்விடவில்லை. நாயக்கர் வந்தார்கள், மராட்டியர் வந்தார்கள். ஊர்ப் பங்கு நீடித்தது. 1799இல் சரபோஜி மன்னரிடமிருந்து ராஜ்யத்தைக் கும்பினியார் வாங்கிக்கொண்டார்கள். வாங்கின கையோடு, யாரிடம் வரி கேட்பது என்று தெரியாமல் விழித்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு கணக்கெடுத்தார்கள். தஞ்சைச் சீமையில் 5,783 கிராமங்கள். அவற்றில் 1,807 ஏகபோகம், அதாவது ஊர் முழுவதும் ஒரே ஆளுக்குச் சொந்தம். 2,202 பாலபோகம், பலருக்குத் தனித்தனியே பிரித்து விட்டது. மிச்சம் 1,774 கிராமங்கள் சமுதாயம். பத்தில் மூன்று கிராமங்களுக்கு மேல் நிலம் ஊர்ப் பொதுவில் இருந்தது!

சமுதாய கிராமத்தில் "இந்த வயல் என்னுடையது" என்று யாரும் சொல்ல முடியாது. "எனக்கு ஊரில் இத்தனை பங்கு" என்றுதான் சொல்லலாம். சில வருஷங்களுக்கு ஒரு முறை பங்காளிகள் கூடி, சீட்டுப் போட்டு, யாருக்கு எந்தக் கரை என்று மாற்றிக்கொள்வார்கள். இதற்குக் கரையீடு என்று பெயர். ஏன் இந்தத் தொல்லை என்று கேட்கலாம். டெல்டாவில் எல்லா வயலும் ஒரே வயல் அல்ல. வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் முதலில் பாயும். கடைமடைக்கு வருவதற்குள் சில வருஷம் கதிர் கருகிவிடும். தலைமடைக்காரன் என்றும் கொழுக்க வேண்டாம், கடைமடைக்காரன் என்றும் மாள வேண்டாம் என்றால், இடத்தை மாற்றிக்கொள்வதுதான் வழி. எந்தச் சட்டசபையும் உட்கார்ந்து யோசிக்காமல், வரப்பு மேட்டில் நின்று கண்டுபிடித்த நியாயம் இது.

அந்தக் காலத்துக் கணக்குப்படி சீமையில் பங்குடையவர்கள், அதாவது மிராசுதார்கள், 62,048 பேர். நம் கதைகளில் தஞ்சைக் கிராமம் என்றால் அக்ரகாரமும் திண்ணையும் வெற்றிலைச் செல்லமும்தான் வரும். உண்மையான கணக்கு அப்படி இல்லை. பிராமணர்கள் 17,149 பேர். மற்ற ஜாதி இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து 43,442. முஸ்லிம்கள் 1,457. நாலில் ஏறக்குறைய மூன்று பங்கு அக்ரகாரத்துக்கு வெளியேதான்.

அப்படியானால் 62,048 பேரும் சேர்ந்தா அத்தனை நிலத்தையும் உழுதார்கள்? இல்லை. உழுதவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில் இல்லை. குடிமராமத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

'மராமத்து' என்பது அரபிச் சொல். 'குடி' நம் சொல். ஊர்க் குடிகள் செய்யும் பழுதுவேலை என்று பொருள். கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும். ஆனி, ஆடியில் புதுத் தண்ணீர் வரும். அதற்குள் வாய்க்காலில் சேர்ந்த வண்டலை வெட்டிக் கரையில் போட வேண்டும், உடைப்பை அடைக்க வேண்டும், மதகைச் சீர்படுத்த வேண்டும். கல்லணையிலும் பேராறுகளிலும் வேலை செய்வது ராஜா பொறுப்பு. கிளை வாய்க்கால் ஊர் பொறுப்பு. கல்லணை எவ்வளவு உறுதியாக இருந்தால் என்ன, ஊர் வாய்க்கால் தூர்ந்திருந்தால் வயலுக்கு ஒரு சொட்டும் வராது. ஆகவே வருஷா வருஷம் ஊர் கூடி ஆள் கணக்குப் போட்டது. பங்குக்கு இத்தனை ஆள் என்று ஏற்பாடு.

பங்குக்காரர் ஆள் அனுப்புவார். ஆள் என்பது அவருடைய பண்ணையாள். கணக்குப் பார்ப்பது திண்ணையில். மண்வெட்டி பிடிப்பது சேரி. எல்லா ஊரிலும் அப்படியே என்று சொல்வதற்கில்லை. தாமே இறங்கி வெட்டிய உழுகுடிகளும் நிறைய உண்டு. ஆனால் பண்ணையாள் மிகுந்திருந்த நெற்சீமையில், பொதுவேலையில் அதிகமாக வேர்வை சிந்தியவனுக்குப் பொதுச் சொத்தில் பங்கு கிடையாது. கரையீட்டுச் சீட்டில் அவன் பெயர் விழாது. தலைமடையானாலும் கடைமடையானாலும் அவனுக்கு ஒன்றுதான்.

கும்பினி சர்க்கார் 1858இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊருக்கு ஆபத்து என்றால் கரையை அடைக்க ஆட்களைக் கட்டாயமாக அழைக்கலாம், வழக்கமான குடிமராமத்துக்கு வராவிட்டால் தண்டனை போடலாம் என்று அது சொல்லிற்று. தானாக நடந்த காரியத்துக்குச் சட்டம் எதற்கு? ஊர்க் கட்டு தளர ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி. ரயத்துவாரி முறை வந்து, ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு ஆள் பெயரில் பட்டா என்றான பிறகு, கரையீடு தேய்ந்து மறைந்தது. தலைமடைக்காரன் நிரந்தரத் தலைமடைக்காரன் ஆனான். சீட்டுப் போட வேண்டிய அவசியம் போனதும், ஊர் கூட வேண்டிய அவசியமும் பாதி போய்விட்டது. பிள்ளைகள் இங்கிலீஷ் படித்துக் கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் உத்தியோகத்துக்குப் போனார்கள். நெல் மாத்திரம் வருஷத்துக்கு இரண்டு தரம் வண்டியில் வந்தது.

பழைய ஊரில் இன்னொரு வார்த்தை வழங்கிற்று: சுதந்திரம். களத்து மேட்டில் பொலி தூற்றிக் குவித்ததும், பங்கு பிரிப்பதற்கு முன், தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, காவல்காரனுக்கு, வெட்டியானுக்கு என்று மரக்கால் மரக்காலாக அளந்து கொடுப்பார்கள். அந்த நெல்லுக்குத்தான் சுதந்திரம் என்று பெயர். பிச்சையல்ல, பாத்தியதை. 1947இல் நாம் கொண்டாடிய சொல்லுக்குக் களத்து மேட்டில் இப்படி ஒரு கணக்கான அர்த்தம் இருந்தது.

பண்ணையாளுக்கு இந்தச் சுதந்திரம்கூட முழுசாக இல்லை. 1843இல் ஐந்தாவது சட்டம், அடிமையை அடிமை என்று கோர்ட்டு ஒப்புக்கொள்ளாது என்று சொல்லிவிட்டது. கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை, கடன் ஒப்புக்கொண்டது. கல்யாணத்துக்கு வாங்கின சிறு கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. குடிசை நின்ற இடமும் மிராசுதாருடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். ராஜராஜன் கல்வெட்டில் சேரிக்கு வரி இல்லை என்று படித்தோம். வரி இல்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் வேறு வேறு.

1940களில் கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கம் தோன்றிற்று. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் தமிழில் சேரி சேரியாகப் பேசி நடந்தார். 1952இல் ராஜாஜி மந்திரிசபை தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு, மேல் வைத்திருப்பவர்களை அது கட்டுப்படுத்திற்று. பயிரிடுகிறவனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளுக்கு நிர்ணயித்த கூலி. நல்ல சட்டம்தான். ஆனால் பல பண்ணைகளில் பண்ணையாளை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். கட்டு அறுந்தது, கூடவே கஞ்சியும் நிச்சயமில்லாமல் போயிற்று.

அப்புறம் 1968, டிசம்பர் 25. நாகப்பட்டினத்துக்கு அருகே கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டார்கள், சங்கக் கொடியை இறக்க மறுத்தார்கள். அன்று இரவு அடியாட்களுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் புகுந்துகொண்ட 44 பேர் தீயில் வெந்து போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போய், நிலச்சுவான்தார்கள் விடுதலையானார்கள். இதைப் பற்றி அலங்காரமாக எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. மிராசுதார் மனையில் குடிசை போட்டு இருக்கிறவனுக்கு அந்த மனை அவனுடையதே என்று அது சொல்லிற்று. பட்டா எல்லோர் கைக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆனாலும் கல்வெட்டு எழுதி ஏறக்குறைய 960 வருஷத்துக்குப் பிறகு, பட்டியலில் 'சேரி' என்று இடமாக மட்டும் இருந்தது, ஆட்களின் பெயராக மாறத் தொடங்கிற்று. கீழ்வெண்மணிக்குப் பின் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்ட கிருஷ்ணம்மாள் ஜகந்நாதன் தம்பதி, 1981இல் 'லாஃப்டி' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். நிலச்சொந்தக்காரர்களோடு பேசி நிலத்தை வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் எழுதி வைத்தார்கள். மிராசு என்ற சொல்லுக்குப் பரம்பரைச் சொத்து என்று அர்த்தம். பாட்டன் வெட்டிய வாய்க்காலுக்குப் பேத்தி வாரிசானாள்.

2017இல் தமிழ்நாடு அரசு ஏரி, வாய்க்கால் தூர் வாரும் திட்டத்துக்குக் குடிமராமத்து என்ற பழைய பெயரையே சூட்டிற்று. பெயர் திரும்பி வந்ததில் சந்தோஷந்தான். பழைய ஊர்க் கட்டும் திரும்ப வேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். எதைத் திரும்பக் கொண்டுவருவது என்று பார்த்துத்தான் ஆசைப்பட வேண்டும். தலைமடையும் கடைமடையும் சீட்டுப் போட்டு மாற்றிக்கொண்டார்களே, அந்த நியாயம் வரட்டும். களத்தில் முதலில் அளந்து வைத்த மரக்கால் வரட்டும். இரண்டு சுடுகாடுகள் வேண்டாம்.

குலதெய்வத்துக்கு மொட்டை போட வருஷத்துக்கொரு முறை ஊருக்குப் போகிறவர்கள் நம்மில் அநேகர். கோயில், குளம், பூர்வீக வீடு எல்லாவற்றையும் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். இன்னும் ஒரு பர்லாங்கு நடந்தால் வாய்க்கால் வரும். "இதை யார் வெட்டினார்கள்?" என்று குழந்தை கேட்டால், "நம் ஊர்க்காரர்கள்" என்று சொல்லலாம். அது சரியான பதில்தான். ஊர்க்காரர்கள் என்றால் யார் யார் என்று அடுத்த கேள்வியைக் குழந்தை கேட்கும். அதற்கும் விடாமல் பதில் சொல்ல வேண்டும்.