அடிபம்பும் பாஷாணமும்

இரணியல் பக்கத்தில் தண்ணீரின் தரத்தை நாக்கும் அடுப்பும்தான் தீர்மானித்து வந்திருக்கின்றன. வெட்டுக் கிணற்று நீர் தித்திக்கிறதா, உப்புக் கரிக்கிறதா, பருப்பு வேகிறதா என்பவையே சோதனைகள். பழம்பாறையும் செம்மண்ணும் ஆன நிலத்தில் இவை பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. நாக்கை நம்பும் இவ்வழக்கம் முற்றிலுமாகத் தோற்றுப்போன நிலம் ஒன்று உண்டு: கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டலால் கட்டியெழுப்பிய வங்கம்.

ஆர்சனிக் நம் மரபுக்குப் புதிதல்ல. மஞ்சள் தாளகம், சிவந்த மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்று சித்த மருத்துவம் அதன் சேர்மங்களைப் பெயரிட்டு, சுத்திசெய்யும் முறைகளையும் வகுத்திருக்கிறது. ஆர்சனிக் என்ற சொல்லே தாளகத்தைக் குறித்த பாரசீகச் சொல் கிரேக்கம் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்ததுதான். ஆனால் கல்லாக நிறத்தோடு கிடக்கும் பாஷாணம் வேறு, நீரில் கரைந்த பாஷாணம் வேறு. பின்னதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

வங்கத்துக் கிராமங்கள் நெடுங்காலம் குளத்து நீரைக் குடித்தன. வாந்திபேதியில் குழந்தைகளைப் பறிகொடுத்தன. 1970களில் யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் துணையோடு அரசுகள் அடிபம்பு பொருத்திய குழாய்க் கிணறுகளைப் பரப்பின. அந்த நோக்கத்தில் களங்கமில்லை என்றே நினைக்கிறேன். கிருமி இல்லாத நீர் கிடைத்தது. ஆனால் குழாய் இறங்கிய இளம் வண்டலில், இரும்பு ஆக்சைடுத் துகள்கள்மேல் ஆர்சனிக் ஒட்டியிருந்தது. புதைந்த தாவர மட்கை உண்ணும் நுண்ணுயிர்கள் பிராணவாயு தீர்ந்த இடத்தில் அந்த இரும்பைக் கரைக்க, ஆர்சனிக் விடுபட்டு நீரில் கலந்தது. (காற்றுப்படும் வெட்டுக் கிணறுகளில் இது பொதுவாகக் குறைவு. பழையது என்று கைவிடப்பட்டவையும் அவைதான்.)

1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாகா, இருபத்துநான்கு பர்கானாவிலிருந்து வந்த நோயாளிகளைக் கண்டார். உடலில் மழைத்துளி தெறித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள். உள்ளங்கையும் பாதமும் தடித்து முடிச்சுவிட்டிருந்தன. ஊரார் இதைத் தொழுநோய் என்று எண்ணி ஒதுக்கினார்கள். பெண்களுக்குத் திருமணம் தடைப்பட்டது. பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று நீரையும், முடியையும், நகத்தையும் சோதித்தார். வங்கதேசத்தில் 1993இல்தான் இது கண்டறியப்பட்டது. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் வங்கதேச அரசுத் துறையுடன் சேர்ந்து 1998–99இல் நடத்திய கணக்கெடுப்பில், ஆழங்குறைந்த குழாய்க் கிணறுகளில் 27 விழுக்காடு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பையே மீறியிருந்தன. உலக சுகாதார நிறுவனம் 1993இல் வகுத்த வரம்போ 10. ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர் 50க்கு மேற்பட்ட நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். பிறகு லட்சக்கணக்கான கிணறுகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசினார்கள்.

யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. அர்ஜென்டினாவில் 1917லேயே கிணற்று நீருக்கும் இத்தோல் நோய்க்குமான உறவு பேசப்பட்டது. தைவானில் கால் கருகி அழுகும் நோயை 1960களில் ஆராய்ந்தார்கள். 1976இல் சண்டிகர் மருத்துவர்கள் வட இந்தியக் கிராமங்களின் குடிநீரிலேயே ஆர்சனிக்கைக் கண்டு எழுதினார்கள். மருத்துவ இதழ்களில் இருந்த அறிவு குழாய் இறக்கிய பொறியாளர்களிடம் போய்ச் சேரவில்லை. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

1992இல் அதே பிரிட்டிஷ் ஆய்வகம் வங்கதேச நிலத்தடி நீரைச் சோதித்து ஓர் அறிக்கை அளித்தது. சோதித்த தனிமங்கள் பல. அவற்றில் ஆர்சனிக் இல்லை. பாதிக்கப்பட்ட வங்கதேசத்தவர் ஒருவர் லண்டனில் வழக்குத் தொடுத்தார். அந்த மௌனத்தை நீர் நல்லது என்ற உறுதியாகவே எல்லோரும் வாசித்தார்கள் என்பது அவர் வாதம். ஆய்வகத்துக்கு அந்நாட்டுக் குடிநீர்மேல் எந்த அதிகாரமும் இருக்கவில்லை, ஆகவே அவரிடம் அதற்குச் சட்டக் கடமையும் இல்லை என்று 2006 ஜூலையில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வழக்கு முழு விசாரணைக்குப் போகவேயில்லை.