வேடமும் குரலும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே, கொட்டகுடி ஆற்றங்கரையோரமாக மலைக்குள் நுழையும் சாலையின் முடிவிலே குரங்கணி என்னும் சிற்றூர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து இரும்புக் கயிற்றிலே தொங்கியவாறு இம்மலையடிவாரத்தில் இறங்கிப் போடிக்குப் பயணப்பட்டது; 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் முன்னரே இம்மலைகளில் வாழ்ந்த முதுவர் என்னும் பழங்குடியினரைக் குறித்து, தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனுடைய தொகுதிகள் ஒரு கர்ணபரம்பரைச் செய்தியைக் கூறுகின்றன: பாண்டியனது போர்க்காலத்து இன்னல்களுக்கு அஞ்சி மதுரையை நீத்து வந்தவர்கள், கர்ப்பவதிகளைப் போடியிலே விட்டுவிட்டு மேலே ஏறினராம்.

மதுரையை நீத்து மலையேறிய மற்றொருத்தியை நாம் அறிவோம். வேங்கை மர நிழலில் நின்ற கண்ணகியைக் கண்டவர்களும், அவளைத் தெய்வமாகக் கொண்டு குரவையாடியவர்களும், அச்செய்தியைச் சேரனிடம் கொண்டு சேர்த்தவர்களும் குன்றக் குறவர்களே. கூடலூருக்கு மேலே மங்கலதேவி கோட்டத்தில் இன்றும் சித்திரைப் பௌர்ணமி நடக்கிறது. மலையின் மறுபுறத்து மன்னான் மக்கள் கோவலன் கண்ணகி கதையைத் தம் கூத்தாகவே ஆடி வருகிறார்கள். ஆயினும், சிலப்பதிகாரக் காப்பியத்தில் நாம் கேட்கும் குறவர் பாட்டு, அரச குலத்துத் துறவி ஒருவர் அவர்களுக்காகப் புனைந்தது.

ஒருவர் குரலைப் பிறர் புனைந்துகொள்ளும் இந்த வழக்கத்தின் முழு உருவத்தையும் காண வேண்டுமானால் மதுரைச் சீமையின் திருவிழாக் கொட்டகைகளுக்குத்தான் போக வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய 'வள்ளி திருமணம்' இந்த ஜில்லாக்களில் ஆடப்பட்ட அளவுக்கு வேறொரு நாடகம் ஆடப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. வள்ளி, வேடர் தலைவன் வளர்த்த மகள், தினைப்புனம் காத்தவள். ஆனால் மேடையிலே அவளாக வந்தவர்கள் நெடுங்காலம் சமவெளியிலே பிறந்த ஆண்களும் பாலகர்களுமே ஆவர். சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையிலும் பெண் பாத்திரங்கள் சிறுவர்களுக்கே உரியவை. அந்த ஸ்திரீபார்ட் கலைஞர்களின் வித்தையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது; விடிய விடியத் தொண்டை கட்டாமல் பாடி, நடையிலும் நாணத்திலும் சபையை மயக்கியவர்கள் அவர்கள். எனினும், மலைமகளும் பெண்மையும் ஒருங்கே பிறர் அணிந்து கழற்றும் வேடமாக இருந்தன என்பதும் உண்மை.

திருநங்கையருக்கும் இதே கதிதான் நேர்ந்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் பேடு என்பது, அநிருத்தனைச் சிறை மீட்கக் காமன் பேடிக் கோலம் பூண்டு வாணன் நகரில் ஆடியது. சுருண்ட தாடியும் பூங்குழலும் ஒன்றாய்த் தோன்ற நின்ற அக்கோலத்தைப் புகார் வீதியில் ஜனங்கள் கூடி வேடிக்கை பார்த்த காட்சி மணிமேகலையிலே வருகிறது. காமன் ஆடினால் அது தெய்வத்தின் ஆடல். நம்மாழ்வார் பராங்குச நாயகியானால் அது பக்தி. அந்நிலையே தம் பிறவியாக அமைந்த மனிதர் ஆட வந்தபோதோ, ஆங்கில அரசின் 1871-ஆம் வருடத்துக் குற்றப்பரம்பரைச் சட்டம், வடஇந்திய மாகாணங்களிலே, பதிவேட்டில் ஏற்றப்பட்ட இத்தகையோர் பெண்ணுடையில் பொதுவிடத்தில் தோன்றினாலும் ஆடினாலும் இசைக்கருவி வாசித்தாலும் இரண்டாண்டு வரை சிறை என்று விதித்தது. 1911-இல்தான் அந்தப் பகுதி நீங்கிற்று.

வேடம் குரலாக மாறிய சரித்திரம் மிகவும் அண்மையது. மதுரை அனுப்பானடியிலே பிறந்து, தோழி சக்தியோடு வீட்டைத் துறந்து, திரையில் கண்ட வைஜயந்திமாலாவின் நடனத்தால் ஈர்க்கப்பட்டு, அவருக்குக் கற்பித்த தஞ்சை நால்வர் மரபினரான கிட்டப்பா பிள்ளையையே தேடிச் சென்று குருகுலவாசம் செய்த நர்த்தகி நடராஜ், 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். நாயகி பாவத்தையே அவர் தமது சிறப்பாகக் கொண்டார்; ஆடவர் பெண்ணாகப் பாவித்துப் பாடிய பாசுரங்களை, பெண்ணென்றே தம்மை உணர்ந்த ஒருவர் ஆடியபோது, பாவனையாக இருந்தது சுயசரிதமாயிற்று என்பது என் துணிபு. அவரைப் போலவே திருநங்கையான ரேவதி, தன்வரலாறாக 'வெள்ளை மொழி'யை எழுதியதோடு நில்லாமல் தம் வாழ்வையே தனியொருவராக மேடையேற்றினார். 'நான் வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா நாடகத்தையே தொழிலாகக் கொண்டார். கல்கி சுப்ரமணியம் கவிதையைக் கைக்கொண்டார்.

பழங்குடிப் பிறப்பும் பால்வேறுபாடும் ஒருவரிடத்தே சேர்ந்து கவிதையாகவும் மேடையாகவும் வெளிப்பட்டதற்கு வட அமெரிக்கா சான்று தருகிறது. மெனாமினி குலத்துக் கவியான கிரிஸ்டோஸ் 1988-இல் தம் முதல் தொகுதியை வெளியிட்டார். குனா, ராப்பஹானக் குலங்களில் வந்த மூரியல் மிகேல், 1976-இல் சகோதரியரோடு நியூயார்க்கிலே ஸ்பைடர்வுமன் நாடகக் குழுவை அமைத்தார். அங்கும் முன்னர் பூர்வகுடிகளின் வேடத்தைப் பெரும்பாலும் பிறரே தரித்துத் திரைப்படங்களில் ஆடினர்.

குரங்கணிச் சரிவுகளிலே பாட்டும் கதையும் சேகரிக்கப் போகும் நம் மாணவர்கள், 'முதுவர் பாட்டு', 'பளியர் பாட்டு' என்று குலத்தின் பெயரை மட்டும் எழுதி வருவதோடு அமையாமல், பாடியவர் இசைவாராயின் அவர் பெயரையும், தம்மை ஆண் என்றோ பெண் என்றோ வேறு எவ்வாறோ அவர் சொல்லிக்கொள்வதையும், அவர் சொன்னபடியே எழுதி வருவார்களாக.