பென்ஃபிகாவின் கோப்பைகளும் கிழித்த புகைப்படங்களும்

பாரிஸுக்கு வந்து சேரும் தமிழ் அகதி முதலில் நெருங்கிப் பழகும் ஐரோப்பியர் பிரெஞ்சுக்காரராக இருப்பது அபூர்வம். கட்டடத்தின் காவற்காரம்மா போர்த்துக்கேயர். கட்டட வேலைக்குப் போனால் மேஸ்திரி போர்த்துக்கேயர். அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போனால் பக்கத்தில் வாளியோடு நிற்கும் மனிசியும் போர்த்துக்கேயர். ஊரில் நாங்கள் 'பறங்கி' என்று படித்த அதே ஆட்கள்தான். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துவிட்டுப் போனவர்கள். கோயில்களை இடித்தார்கள். கதிரை, மேசை, அலுமாரி, பாண், துவாய் என்று எங்கள் வாயில் சொற்களை விட்டுச் சென்றார்கள். சப்பாத்து என்பதும் அவர்களுடைய சொல்தான். ஆகவே உதைபந்தாட்டச் சப்பாத்தைக் கட்டும் எந்த யாழ்ப்பாணத்துப் பொடியனும் கொஞ்சம் போர்த்துக்கேயம் பேசியபடிதான் மைதானத்தில் இறங்குகிறான்.

இந்தப் பாரிஸ் போர்த்துக்கேயர்களில் அரைவாசிப் பேரிடம் 'எந்தக் கழகம்?' என்று கேட்டால் 'பென்ஃபிகா' என்பார்கள். மற்றவர்கள் போர்ட்டோ அல்லது ஸ்போர்ட்டிங். இது என் கணக்கு, புள்ளிவிபரமல்ல. பென்ஃபிகாக்காரரிடம் வாயைக் கொடுத்தால் அவர் சாதனைகளை ஒப்புவிக்கத் தொடங்கிவிடுவார். 1904இல் லிஸ்பனின் பெலேம் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் கூடித் தொடங்கிய கழகம். 2023 வரை 38 தடவைகள் போர்த்துக்கல் சாம்பியன். 1972-73 பருவத்தில் 30 ஆட்டங்களில் 28இல் வெற்றி, 2 சமன், தோல்வியே கிடையாது. 2006இல் 160,398 சந்தா உறுப்பினர்களோடு கின்னஸ் புத்தகத்தில் பெயர். எல்லாமே உண்மைதான். ஆனால் என்னை இழுப்பது அந்தப் பட்டியலின் இரண்டே வரிகள்: 1961, 1962 ஐரோப்பியக் கோப்பைகள்.

ஐரோப்பியக் கோப்பை தொடங்கிய 1956 முதல் ஐந்து ஆண்டுகளும் அதை ரியல் மட்ரிட் வேறு யாரையும் தொடவிடவில்லை. 1961 மே 31ஆம் தேதி பேர்ண் நகரில் பார்சிலோனாவை 3-2 என்று வீழ்த்தி அந்த வரிசையை உடைத்தது பென்ஃபிகா. அன்றைய அணியைப் பாருங்கள். அணித்தலைவர் ஜோசே அகுவாஸ் அங்கோலாவில் பிறந்தவர். கோல்காப்பாளர் கோஸ்தா பெரெய்ரா மொசாம்பிக்கில் பிறந்தவர். நடுக்களத்தின் தூண் மாரியோ கொலுனா மொசாம்பிக். சந்தானா அங்கோலா. இத்தனைக்கும் போர்த்துக்கேயரைத் தவிர வேறு எவரையும் அணியில் சேர்ப்பதில்லை என்பது அந்தக் கழகத்தின் பெருமைமிக்க கொள்கை. எழுபதுகளின் கடைசிவரை அதைக் காப்பாற்றினார்கள்.

ஆபிரிக்காவில் பிறந்தவர்கள் எப்படிப் போர்த்துக்கேயரானார்கள்? 1951இல் சர்வாதிகாரி சலாசார் குடியேற்ற நாடுகளுக்குப் 'கடல்கடந்த மாகாணங்கள்' என்று பெயர் மாற்றினார். பெயர் மாறியது, சவுக்கு மாறவில்லை. அங்கிருந்த கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலானோர் 1961 வரை சட்டப்படி குடிமக்களே அல்லர், 'சுதேசிகள்'. வெள்ளைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கறுப்புப் பையன் ஒருவன் நன்றாகப் பந்து உதைத்தால் மட்டும் அவனும் போர்த்துக்கேயன்.

அப்படியொரு பையன் 1960 டிசம்பரில் லிஸ்பனுக்கு விமானம் ஏறினான். லொரென்சோ மார்க்கேஸ் நகரத்தின் – இன்றைய மபூட்டோ – மஃபலாலா என்ற வறிய குடியிருப்பைச் சேர்ந்தவன். வயது 18. அவன் விளையாடியது பென்ஃபிகாவின் பரமவைரியான ஸ்போர்ட்டிங்கின் கிளைக் கழகத்துக்கு. எனவே ஸ்போர்ட்டிங் ஆட்களின் கண்ணில் மண் தூவ அவனுக்கு ஒரு மறைபெயர் வைத்தார்கள்: ரூத் மலோசோ. பெண் பெயர்! தலைமாற்றிய பாஸ்போட்டில் வந்த எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவன்தான் யூசேபியோ.

இந்த யூசேபியோவை ஐரோப்பா முதன்முதலில் கண்டது லிஸ்பனிலல்ல, இங்கே பாரிஸில். 1961 ஜூன் 15ஆம் தேதி பார்க் தே பிரான்ஸ் மைதானத்தில், பாரிஸ் சுற்றுப்போட்டியில், பெலேயின் சந்தோஸ் கழகம் பென்ஃபிகாவைப் புரட்டியெடுத்துக்கொண்டிருந்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய யூசேபியோ அடுத்தடுத்து மூன்று கோல்களை அடித்தார். ஆட்டத்தைச் சந்தோஸ் 6-3 என்று வென்றது. ஆனால் மறுநாள் பேச்சு யூசேபியோவைப் பற்றித்தான். அடுத்த ஆண்டு மே 2ஆம் தேதி அம்ஸ்ரடாமில் ரியல் மட்ரிட்டை 5-3 என்று வென்று பென்ஃபிகா மீண்டும் கோப்பையைத் தூக்கியபோது கடைசி இரண்டு கோல்களும் அவருடையவை.

இரண்டு வெற்றிகளுக்கும் பயிற்றுநர் பேலா குட்மன். ஹங்கேரிய யூதர். 1944இல் நாஸிகளின் காலத்துக் கட்டாய உழைப்பு முகாமிலிருந்து தப்பியோடிப் பிழைத்தவர். 1962 வெற்றிக்குப் பிறகு ஊதிய உயர்வு கேட்டார், கழகம் மறுத்தது, கோபித்துக்கொண்டு போனார். 'இன்னும் நூறு வருடங்களுக்கு நீங்கள் ஐரோப்பியக் கோப்பையைத் தொடமாட்டீர்கள்' என்று சாபமிட்டதாக ஒரு கதை. அதன்பின் பென்ஃபிகா விளையாடிய எட்டு ஐரோப்பிய இறுதிப்போட்டிகளிலும், 1963 தொடங்கி 2014 வரை, தோற்றது. 1990 இறுதியாட்டத்துக்கு முன் வியன்னாவிலுள்ள குட்மனின் கல்லறைக்குப் போய் யூசேபியோ மன்றாடியும் பயனில்லை. எனக்குச் சாபங்களில் நம்பிக்கையில்லை. ஆனால் முகாமிலிருந்து தப்பிவந்த ஒரு மனிதனை, சம்பளம் கேட்டுக் கோபித்துப் போன சூனியக்காரனாக மட்டும் உலகம் நினைவு வைத்திருப்பதைப் பார்க்க எரிச்சல் வருகிறது.

இப்போது அதே 1961ஐ மறுபக்கமாகத் திருப்புவோம். பெப்ரவரியில் அங்கோலாவில் விடுதலைப் போர் வெடித்தது. டிசம்பரில் இந்திய இராணுவம் இரண்டே நாட்களில் கோவாவை எடுத்துக்கொண்டது. கினி-பிசாவுவில் 1963இலும் மொசாம்பிக்கில் 1964இலும் போர் தொடங்கியது. போர்த்துக்கல் இளைஞர்களுக்குக் கட்டாய இராணுவ சேவை. வறுமை ஒருபக்கம், போர் மறுபக்கம். பொடியன்கள் ஓடத் தொடங்கினார்கள்.

அந்த ஓட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஓ சால்த்து', பாய்ச்சல் என்று பொருள். ஸ்பெயினைக் களவாய்க் கடந்து, பிரனே மலைகளைத் தாண்டி, பிரான்ஸ். ஏஜென்சிக்காரன் அவர்களுக்கும் இருந்தான். புறப்படுகிறவர் தன் புகைப்படத்தை இரண்டாகக் கிழிப்பார். ஒரு பாதி வீட்டில், மறுபாதி சட்டைப்பையில். பிரான்ஸ் வந்து சேர்ந்ததும் தன் பாதியைத் தபாலில் அனுப்புவார். இரண்டு பாதிகளும் பொருந்தினால் வீட்டார் ஏஜென்சிக்குக் காசு கொடுப்பார்கள். எங்கள் ஆட்கள் ஏஜென்சியிடம் முற்பணத்தைக் கட்டிவிட்டு ஏமாந்த கதைகளை நினைத்தால், அந்தக் கமக்காரரின் மூளையைக் கும்பிடத்தான் வேண்டும்.

வந்தவர்கள் பாரிஸின் புறநகரான சம்பினியில் சேற்றுக்குள் தகரமும் பலகையும் கொண்டு குடிசை போட்டார்கள். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே கிடந்தார்கள். பிரான்ஸுக்குக் கட்டட வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. எனவே எங்களைப்போல 'ஊரில் உனக்கு என்ன பிரச்சினை' என்று வருடக்கணக்கில் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. களவாய் வந்தவர்களுக்கும் விசா கிடைத்தது. 1975இல் பிரான்ஸில் ஏழரை இலட்சம் போர்த்துக்கேயர் இருந்தார்கள். சம்பினிக்குப் பக்கத்தூரான சென்மோரில் 1966இல் இவர்கள் 'லூசித்தானோஸ்' என்றொரு உதைபந்தாட்டக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் பாஷையில் சத்தம் போட ஓர் இடம் கிடைத்தது. 2002இல் அது கிரித்தெய் கழகத்தோடு இணைந்தபோது கூட்டுக்கழகத்தின் பெயர் கிரித்தெய்-லூசித்தானோஸ் ஆனது. பின்னர் சென்மோரில் லூசித்தானோஸ் மீண்டும் தனிக் கழகமாயிற்று. எங்கள் பொடியன்கள் ஊர்ப் பெயரிலும் பள்ளிக்கூடத்தின் பெயரிலும் இங்கே கழகம் வைத்துக் கோடைகாலச் சுற்றுப்போட்டி நடத்துவதைக் கண்டு சிரிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

லூசித்தானோஸ் பிறந்த அதே 1966இல்தான் யூசேபியோ இங்கிலாந்து உலகக் கோப்பையில் ஒன்பது கோல்கள் அடித்தார். அந்த அணிக்குத் தலைவர் கொலுனா. சம்பினியில் அக்காலத்தில் இருந்த ஒரு கிழவரோடு நான் சில மாதங்கள் வேலை செய்திருக்கிறேன். வடகொரியாவுக்கு எதிராக யூசேபியோ நான்கு கோல்கள் அடித்த ஆட்டத்தைச் சேற்றுக்குள் நின்று வானொலியில் கேட்டதாகச் சொன்னார். 'நீங்கள் ஏன் முசியே ஊரைவிட்டு வந்தீர்கள்?' என்று கேட்டேன். 'என்னை மொசாம்பிக்குக்கு அனுப்பப் பார்த்தார்கள்' என்றார். 'யூசேபியோவின் ஊருக்கா?' என்றேன். சிகரெட்டை அணைத்துவிட்டுச் சாந்து குழைக்கப் போய்விட்டார்.

அதே யூசேபியோவை வாங்க இத்தாலியக் கழகங்கள் பெருந்தொகையோடு வந்தபோது, அவர் தேசத்தின் சொத்து, விற்பனைக்கில்லை என்று சலாசார் தடுத்ததாக யூசேபியோவே பின்னாட்களில் சொல்லியிருக்கிறார். சொத்து! தேசத்தின் பெருமை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உண்மையாக இருந்திருக்காது. 1974 ஏப்ரல் 25ஆம் தேதி புரட்சி வந்து சர்வாதிகாரம் விழுந்தது. மறுவருடம் மொசாம்பிக் விடுதலையானது. கொலுனா தன் நாட்டுக்குத் திரும்பி அங்கே உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவரானார். யூசேபியோ லிஸ்பனிலேயே இருந்துவிட்டார். 2014 ஜனவரியில் யூசேபியோ இறந்தார். அடுத்த மாதமே கொலுனாவும் போய்விட்டார். 2015இல் யூசேபியோவின் உடலைத் தோண்டியெடுத்து, அரசுத் தலைவர்களும் எழுத்தாளர்களும் துயிலும் தேசிய நினைவாலயத்தில் வைத்தார்கள். அங்கே இடம்பெற்ற முதல் உதைபந்தாட்டக்காரர் அவர்தான்.

2016 ஜூலை 10ஆம் தேதி ஐரோப்பியக் கிண்ணத்தின் இறுதியாட்டம், போர்த்துக்கலுக்கும் பிரான்ஸுக்கும், ஸ்தாத் து பிரான்ஸில் நடந்தது. லாச்சப்பலுக்குப் பக்கத்திலிருக்கும் கார் து நோரிலிருந்து ரயிலில் ஒரேயொரு தரிப்பு. ரொனால்டோ காயப்பட்டு அழுதுகொண்டு 25ஆவது நிமிடத்தில் வெளியேறினார். 109ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர் எடெர் தூரத்திலிருந்து உதைத்த பந்து வலைக்குள் போனது. போர்த்துக்கலுக்கு அதுதான் முதற் பெருங்கோப்பை. எடெர் கினி-பிசாவுவில் பிறந்து, சிறுவயதில் போர்த்துக்கலுக்கு வந்து, கொயிம்ப்ராவுக்கு அருகே ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவர். அப்போது அவர் விளையாடிக்கொண்டிருந்தது பிரான்ஸின் லீல் கழகத்துக்கு.