சரளைச் சாலையில் விசையுந்து ஓட்டுதல்

சரளைச் சாலையில் விசையுந்து ஓட்டுதல் என்பது, தார் அல்லது சிமெண்ட் இடப்படாத, உதிரிக் கற்களும் மண்ணும் பரவிய பரப்பில் விசையுந்தை நிலை தவறாது செலுத்தும் முறை ஆகும். தார் இடுவதற்கு முன் ஜல்லி பரப்பப்பட்ட சாலைகள், மலைப்பாதைகள், செம்மண் பாதைகள், வளைவுகளின் ஓரத்தில் மணல் சேர்ந்த தார்ச்சாலைகள் ஆகியவற்றுக்கும் இம்முறை பொருந்தும். முன் பிரேக்கை இறுகப் பிடித்தல், ஆக்சிலரேட்டரைச் சட்டென மூடுதல், கைகளை விறைத்துக் கொள்ளுதல் ஆகியன அச்சத்தில் இயல்பாக எழும் செயல்கள். சரளையில் இவையே வீழ்ச்சிக்கு முக்கிய காரணங்களாகின்றன.

இயற்பியல் அடிப்படை

தார்ச்சாலையில் டயர் உறுதியான பரப்பைப் பற்றுகின்றது. சரளையிலோ டயருக்கு அடியிலுள்ள கற்களே உருண்டு நகர்கின்றன. இதனால் உராய்வுக் குணகம் குறைகின்றது. பிரேக் பிடித்தபின் வண்டி கடக்கும் தொலைவு, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உராய்வுக் குணகத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும்.

எடுத்துக்காட்டாக, உலர்ந்த தார்ச்சாலையின் குணகத்தை 0.8 எனவும் உதிர்ந்த சரளையின் குணகத்தை 0.4 எனவும் கொண்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி தார்ச்சாலையில் ஏறத்தாழ 8 மீட்டரிலும் சரளையில் ஏறத்தாழ 16 மீட்டரிலும் நிற்கும். ஓட்டுனர் ஆபத்தை உணர்ந்து பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆகுமெனில், இரண்டுடனும் மேலும் 11 மீட்டர் சேரும். சரளையிலும் 8 மீட்டரில் நிறுத்த வேண்டுமானால் வேகம் மணிக்கு 28 கி.மீ. அளவில் இருத்தல் வேண்டும்.

திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கக்கூடிய கோணமும் உராய்வைப் பொறுத்தது. மேற்கூறிய குணகங்களுக்கு இதன் உச்ச அளவு முறையே ஏறத்தாழ 39 பாகை, 22 பாகை ஆகும்.

முன்சக்கரத்தின் பங்கு

பின்சக்கரம் சறுக்கினாலும் வண்டி பெரும்பாலும் ஆடியவாறே முன்னோக்கிச் செல்லும். முன்சக்கரம் சுழற்சி நின்று சறுக்கினால் திசைதிருப்பும் ஆற்றல் உடனே அற்றுப்போய் வண்டி கவிழும். ஆகவே முன்சக்கரத்தின் பிடிப்பைக் காப்பதே இம்முறையின் மைய நோக்கமாகும். சுழலும் முன்சக்கரம் கற்களில் மோதி இருபுறமும் சிறிது அசைவது இயல்பானது. முன்கவையின் வடிவமைப்பு அதனைத் தானாகவே நேர்திசைக்குக் கொண்டுவரும். கைகள் விறைத்திருந்தால் இத்தன்னியக்கம் தடைபடும்.

ஓட்டும் முறை

* சரளை தொடங்குவதற்கு முன்பே, தார்ப்பரப்பிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும்.
* பிற வண்டிகளின் சக்கரத்தடத்தில் செல்லல் நன்று. அங்கு கற்கள் விலகி மண் இறுகியிருக்கும். தடங்களுக்கு இடையிலும் சாலையோரத்திலும் உதிரிக் கற்கள் குவிந்திருக்கும்.
* பார்வை முன்சக்கரத்திற்கு அருகில் நில்லாது, செல்லவேண்டிய திசையில் தொலைவில் இருத்தல் வேண்டும்.
* ஆக்சிலரேட்டரைச் சீராகத் திறந்து வைத்தல் வேண்டும். சட்டென மூடினால் எடை முன்சக்கரத்திற்கு மாறி, அது கற்களுள் புதையும்.
* பின் பிரேக்கை முதன்மையாகவும், முன் பிரேக்கை மென்மையாகவும் பயன்படுத்தல் வேண்டும். திருப்பத்திற்கு முன்பே பிரேக் பிடித்து முடித்தல் வேண்டும்.
* திருப்பத்தில் உடலை நிமிர்த்தி, வெளிப்புறக் கால்தாங்கியை அழுத்தல் வேண்டும்.

கரடான பகுதிகளில் கால்தாங்கிகளின் மேல் எழுந்து நின்று ஓட்டுவது வழக்கம். இதனால் ஈர்ப்பு மையம் தாழ்கின்றது எனக் கூறப்படுவதுண்டு. உண்மையில் உடல் உயர்வதால் ஈர்ப்பு மையமும் உயர்கின்றது. முழங்கால்கள் அதிர்வை ஏற்பதாலும், உடலைச் சாய்க்காமலேயே வண்டி தன்போக்கில் அசைய முடிவதாலுமே கட்டுப்பாடு கூடுகின்றது.

சக்கரப்பூட்டுத் தடுப்பு அமைப்பு

ஏபிஎஸ் எனப்படும் இவ்வமைப்பு சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கின்றது. இந்தியாவில் 125 கன செ.மீ.க்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட இருசக்கர வண்டிகளில், புதிய மாதிரிகளுக்கு 2018 ஏப்ரலிலும், ஏனைய புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலும் இது கட்டாயமாக்கப்பட்டது. உதிர்ந்த சரளையில் பூட்டிய சக்கரம் தன் முன்னே கற்களைக் குவித்து வேகத்தைக் குறைக்கும். ஏபிஎஸ் இக்குவியலைத் தடுப்பதால் நிற்கும் தொலைவு நீளக்கூடும். இதனால் சில வண்டிகளில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் நிறுத்திவைக்கும் வசதி உண்டு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் இவ்வசதி 2020இல் சேர்க்கப்பட்டது. முன்சக்கரப் பூட்டு வீழ்ச்சியில் முடிவதால், முன்சக்கரத்தில் ஏபிஎஸ் இயங்குவதே பாதுகாப்பானது.

டயரும் பாதுகாப்பு அணிகளும்

ஆழமான கட்டை வரிகள் கொண்ட டயர்கள் சரளையில் கூடுதலாகப் பற்றும். காற்றழுத்தத்தைச் சிறிது குறைத்தால் டயரின் தொடுபரப்பு கூடும். மிகக் குறைத்தால் சக்கர விளிம்பு கல்லில் மோதி நெளியலாம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் அழுத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். குறைந்த வேகத்தில் விழுந்தாலும் சரளை தோலைக் கிழிக்கும் என்பதால் தலைக்கவசத்துடன் கையுறை, முழங்கால் காப்பு, கணுக்காலை மூடும் காலணி ஆகியனவும் தேவை. முன்செல்லும் வண்டிகள் கற்களை எறிவதால் முகமறைப்பை மூடியும் போதிய இடைவெளி விட்டும் செல்லல் வேண்டும்.