வளைந்து சென்ற ஒளி

ரண சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரின் முதற் கவலை நோயாளியின் மூச்சைப் பற்றியதாகும். ஆழ்ந்த மயக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாசப் பாதையை அடைத்துவிடக் கூடும். ஆதலின் மூச்சுக்குழலினுள் ஒரு குழாயைச் செலுத்திச் சுவாசத்தைக் காப்பது வழக்கம்.

1895-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து ஆல்பிரட் கிர்ஸ்டைன் என்பார் குரல்வளையை நேரே காண ஒரு கருவி அமைத்தார். 1943-இல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ராபர்ட் மக்கின்டாஷ் வளைந்த அலகுடைய கருவியை அளித்தார். ஆயினும், வாய் நன்கு திறந்து தலை பின்னே சாய்ந்தாலன்றி இக்கருவிகளால் குரல்வளையைக் காண்பது அரிது.

முதுகெலும்பு கோணியவர் பலருக்கு இது கைகூடுவதில்லை. முதுகெலும்பு இறுகும் வாத நோயில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நோய் முற்றினால் முகவாய் மார்பைத் தொடுமளவுக்குக் கழுத்துக் குனிந்துவிடுவதும் உண்டு. அக்கழுத்தை வலிந்து நிமிர்த்தினால் எலும்பு முறிந்து தண்டுவடம் சேதமுறும். நிமிர்த்தாமல் மயக்கிவிட்டாலோ, குழாய் செல்ல வழியின்றி மூச்சே நின்றுவிடலாம். கூனை நிமிர்த்திக்கொள்ள வந்தவர், சிகிச்சை தொடங்கு முன்பே உயிரிழக்கும் அபாயம் இது.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை செய்த காலத்தில், ஐவன் மகில், ஸ்டான்லி ரோபாதம் என்னும் வைத்தியர் இருவர் மூச்சுக்குழாய் முறையை வளர்த்தனர். மூச்சின் ஓசையைச் செவியால் கேட்டபடியே, குரல்வளையைக் காணாமல் மூக்கின் வழியே குழாயைச் செலுத்தும் திறமையும் அவர்கள் வழியே பரவிற்று. கைப்பழக்கமே அதற்குத் துணை.

விடிவு வேறொரு துறையினின்று வந்தது. பஞ்சாபிலுள்ள மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்பாருடன் ஆராய்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக்கற்றை வளைந்தாலும் அதனூடே உருவம் செல்லும் என்பதை 1954-இல் வெளியிட்டார். 1967-இல் பீட்டர் மர்ஃபி என்னும் மயக்க மருந்து நிபுணர், பித்த நாளத்தைக் காண ஏற்பட்ட இத்தகைய கருவியொன்றைக் கொண்டு, மூட்டுகள் இறுகிய ஒரு நோயாளியின் மூக்கு வழியே குழாயைச் செலுத்திக் காட்டினார்.

இன்று இத்தகைய நோயாளியை விழிப்பிலேயே வைத்துத் தொண்டையை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். அவர் தாமே மூச்சு விட்டுக்கொண்டிருக்க, வளையும் கருவி வழி கண்டு செல்கிறது. அதன்மேல் குழாய் வழுக்கி இறங்குகிறது. குழாய் உரிய இடத்தில் அமைந்தது உறுதியான பின்னரே மயக்கம் தரப்படுகிறது. குனிந்த கழுத்து குனிந்தபடியே இருக்க, ஒளி அதற்கேற்ப வளைந்து கொடுக்கிறது.